மிரட்டலுக்கு ஓர் ஊர் பணியாமல் நிற்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் உள்ளாட்சித் தேர்தல் நெருங்கினால் கூடவே சில செய்திகளும் வரும். வார்டு கவுன்சிலர் ஒருவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டிருப்பார். வேட்பாளர் ஒருவர் மிரட்டலுக்குப் பயந்து விலகியிருப்பார். இந்தக் கொலைகளை விசாரிப்பதற்கென்றே 2016-இல் மாகாண அரசு மொராணே ஆணையத்தை அமைக்க வேண்டியிருந்தது. அதன் அறிக்கை 2018-இல் வெளிவந்தது.

டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பாங்க் பக்கம் இப்படியொரு செய்தி வந்தால் கோயில் வாசலிலும் கல்யாண வீட்டிலும் பேச்சு இரண்டே திசையில்தான் போகும். "காந்தி காலத்தில் அகிம்சை எடுபட்டது, துப்பாக்கிக்காரனிடம் எடுபடுமா?" என்பார் ஒருவர். "நாமெல்லாம் ஒற்றுமையாக இருந்தால் எவனும் கிட்டே வர மாட்டான்" என்பார் இன்னொருவர். இருவருமே அகிம்சையை ஒரு குணமாக, பொறுமையாக, நல்ல மனதாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இந்த மண்ணில் நம் பாட்டன் பாட்டிகள் செய்தது அதைவிடக் கறாரான காரியம். யார் சிறைக்குப் போவது, போனவர் பிள்ளைக்கு யார் சோறு போடுவது, தலைவர் கைதானால் அடுத்து யார் முன்னால் நிற்பது என்றெல்லாம் பேசி, ஆள் வைத்து, அரிசி மூட்டை சேர்த்து வைத்துச் செய்த வேலை அது. அந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதைத்தான் இந்த விஷயத்துக்குப் புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

அடி ஒருவருக்கு, பயம் எல்லோருக்கும்

இருபது கடைகள் உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். ரவுடி ஒருவன் மாதாமாதம் மாமூல் கேட்கிறான். அவனிடம் இருப்பது நாலு ஆள். இருபது கடையையும் அவனால் நொறுக்க முடியாது, அதற்கு அவசியமும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் ஒரே ஒரு கடையின் கண்ணாடியை உடைத்தால் போதும். மற்ற பத்தொன்பது பேரும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "என் கடைக்கு வராமல் இருந்தால் சரி" என்று தனித்தனியே கணக்குப் போடுவார்கள். மறுநாள் பணம் தானாக வந்து சேரும். அவனுடைய மூலதனமே அந்தப் பத்தொன்பது தனிக் கணக்குகள்தான்.

கண்ணாடி உடைவதற்கு முன்பே அந்த இருபது பேரும் ஒன்றைப் பேசி வைத்திருந்தால் கதை வேறு. எந்தக் கடை உடைந்தாலும் மறுநாள் இருபதும் மூடப்படும். புகார் கொடுக்க இருபது பேரும் சேர்ந்து போவார்கள். புதுக் கண்ணாடிக்குப் பொதுப் பணத்திலிருந்து காசு போகும். இப்போது அவன் ஒரு கண்ணாடியை உடைத்தால் கிடைப்பது என்ன? மாமூல் வராது, இருபது சாட்சிகள் சேர்ந்துவிடுவார்கள், தெருவே அவன் பெயரைச் சொல்லும். யாரும் அவன் மேல் கை வைக்கவில்லை. ஆனாலும் உடைப்பதால் வரும் லாபம் போய்விட்டது, செலவு ஏறிவிட்டது.

அரசியல் மிரட்டலும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. இந்தக் கட்டுரையில் அரசியல் மிரட்டல் என்று நான் சொல்வது, ஒருவரைத் தாக்கி, அல்லது தாக்குவேன் என்று காட்டி, பார்த்துக்கொண்டிருக்கும் பலரின் நடத்தையை மாற்றுவது. அகிம்சை வழியில் அணிதிரள்வது என்பது, யாரையும் தாக்காமல், முன்கூட்டிப் பேசி வைத்த முறையில் பலர் சேர்ந்து தங்கள் ஒத்துழைப்பை விலக்கிக்கொண்டு, அதனால் வரும் அடியையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வது. இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடியைப் பங்கிட ஏற்பாடு இல்லாத இடத்தில் ஒற்றுமை முதல் அடியிலேயே கலைந்துவிடும்.

பெர்மிட் ஆபீஸ் வாசல், 1907

இன்றைய தென்னாப்பிரிக்காவின் வடபகுதியில் இருந்த டிரான்ஸ்வால் அரசு அப்போது ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆசியர்கள் விரல் ரேகை பதித்துப் பதிவுச் சான்றிதழ் வாங்க வேண்டும். கேட்கும் இடத்தில் காட்ட வேண்டும். மறுத்தால் அபராதம், சிறை, நாடு கடத்தல். 1906 செப்டம்பர் 11 அன்று ஜொஹானஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் சுமார் 3000 இந்தியர் கூடி, இந்தச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். சத்தியம் செய்வது ஒரு மாலை வேலை. மறுநாள் காலையில் அவரவர் வீட்டில் அவரவர் தனியாக யோசிக்கும்போது அதைக் காப்பாற்றியது எது என்பதில்தான் பாடம் இருக்கிறது.

1907-இல் பதிவு அலுவலகங்கள் திறந்தபோது வாசல்களில் தொண்டர்கள் நின்றார்கள். ஜொஹானஸ்பர்க்கில் அவர்களை முன்நின்று நடத்தியவர் தம்பி நாயுடு. மொரீஷியஸில் பிறந்த தமிழர். ஜொஹானஸ்பர்க் தமிழர் நலச் சங்கத்தின் தலைவர். இத்தகைய சங்கங்கள் இருந்ததால் ஆட்களை எங்கிருந்து திரட்டுவது என்று புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. யார் எந்தத் தெருவில் இருக்கிறார், யார் வீட்டில் கஷ்டம் என்பதெல்லாம் சங்கத்துக்கு ஏற்கெனவே தெரியும். சீனர்களும் லியங் குயின் தலைமையில் தங்கள் சங்கத்தின் மூலம் இதே போராட்டத்தில் சேர்ந்தார்கள்.

தொண்டர்களுக்குச் சொல்லப்பட்ட விதிகள் எளியவை. உள்ளே போக வருபவரிடம் மரியாதையாகப் பேசு. சட்டத்தின் தீமையை விளக்கு. அதன் பிறகும் போவேன் என்றால் தடுக்காதே. போலீஸ் அடித்தால் திருப்பி அடிக்காதே. டிரான்ஸ்வாலில் இருந்த சுமார் 13,000 இந்தியரில், கெடு முடிந்தபோது பதிவு செய்திருந்தவர்கள் ஏறத்தாழ 500 பேர்தான். ஐம்பது பேரை அரசு சிறையில் போடலாம். பன்னிரண்டாயிரம் பேரை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இதற்குள் ஒரு கசப்பான செய்தியும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அகிம்சை பற்றி எழுதுவது நேர்மை ஆகாது. தொண்டராகப் பெயர் கொடுக்காத சிலர், பதிவு செய்யப் போகிறவர்களை "போனால் உதைப்போம்" என்று தனியாக மிரட்டினார்கள். அது பலனும் தந்தது. ஆனால் காந்தி அதை இயக்கத்தில் கலந்த விஷம் என்றே எழுதியிருக்கிறார். கண்டவுடன் அதை ஒழிக்கக் கடுமையாக முயன்றார்கள். ஏன் அவ்வளவு கவலை? பயத்தால் உள்ளே நிற்கும் ஆள், எதிராளி அதைவிடப் பெரிய பயத்தைக் காட்டினால் அந்தப் பக்கம் போய்விடுவார். அவரை நம்பி யாரும் சிறைக்குப் போக முடியாது.

சோறு யார் போடுவது: நியூகாசில், 1913

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இது. மேடைப் பேச்சைவிட அடுப்பும் ரொட்டியும் இதில் அதிகம் வருவதும் அதற்குக் காரணம்.

ஒப்பந்தக் காலம் முடிந்தும் நட்டாலில் தங்கிய கூலித் தொழிலாளர்கள் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்கப்பட்டிருந்தது. மனைவிக்கும் வயது வந்த பிள்ளைகளுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். மாதம் பத்து, பன்னிரண்டு ஷில்லிங் வாங்கியவர்களுக்கு ஒரு தலைக்கான வரியே பல மாதக் கூலி. கட்ட முடியாதவர் மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு எஸ்டேட்டுக்கோ சுரங்கத்துக்கோ போக வேண்டியதுதான்.

1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு பெண்கள் அனுமதியின்றி எல்லை தாண்டி நட்டாலுக்குள் வந்தார்கள். ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் தமிழர். தம்பி நாயுடுவின் மனைவியும் அவர்களில் ஒருவர். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. கைதாக வேண்டும் என்றே வந்தவர்களைப் போலீஸ் கைது செய்யாமல் விட்டது. அவர்கள் நியூகாசிலுக்குப் போனார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் அவர்கள் மொழியிலேயே தலைவரியைப் பற்றிப் பேசினார்கள். சில நாட்களில் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. அக்டோபர் 21 அன்று அந்தப் பெண்கள் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவலுக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனார்கள்.

சுரங்க முதலாளிகள் எப்படி மிரட்டினார்கள் என்று பாருங்கள். தொழிலாளர் குடியிருந்தது கம்பெனிக் குடிசையில். தண்ணீரும் விளக்கும் கம்பெனி கொடுப்பது. தண்ணீரை நிறுத்தினார்கள், விளக்கை அணைத்தார்கள், சட்டி பானைகளைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். தொழிலாளியின் கழுத்து முதலாளி கையில் இருந்தது அந்தக் குடிசையின் வழியாகத்தான். ஆகவே குடிசையை விட்டு வெளியே வாருங்கள் என்பதே பதிலாக வந்தது. ஆணும் பெண்ணும் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாரி சாரியாக வெளியேறினார்கள்.

அப்படி வெளியே வந்தவர்களை வரவேற்க ஒரு வீடு இருந்தது. லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவருடைய வீடு; இரண்டு மூன்று அறைகள், கொஞ்சம் நிலம், அவ்வளவே. அந்த வீடு சத்திரமாகிவிட்டது. நியூகாசில் வியாபாரிகள் சமையல் பாத்திரமும் அரிசி, பருப்பு மூட்டைகளும் அனுப்பினார்கள். நவம்பர் 6 அன்று எல்லையோர ஊரான சார்ல்ஸ்டவுனிலிருந்து, அனுமதியின்றி எல்லை தாண்டிக் கைதாவதற்காக, டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடக்கத் தொடங்கியவர்கள் 2037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. வழியில் எங்கே ரொட்டி கிடைக்கும் என்பதுகூட முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டிருந்தது. அடுத்தடுத்த நாட்களில் காந்தி மூன்று முறை கைதானார். வரிசை கலையவில்லை, அடுத்த ஆள் முன்னே வந்தார், நடை தொடர்ந்தது. பால்ஃபர் ஊரில்தான் எல்லோரையும் ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்ப முடிந்தது. பிறகு சுரங்க வளாகங்களையே சிறையாக அறிவித்து, சுரங்க ஊழியர்களையே காவலர்களாக்கி, சாட்டையால் அடித்து வேலை வாங்கப் பார்த்தார்கள்.

வீடு, ரொட்டி, பாத்திரம், மாற்றுத் தலைவர். இந்த நான்கையும் சேர்த்துப் பின்பலம் என்று சொல்லலாம்: முன்னால் நிற்பவர் விழும்போது தாங்குவதற்காக முன்பே செய்து வைக்கும் ஏற்பாடு. இதே போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை அங்கே நோயுற்று, வெளியே வந்த சில வாரங்களில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. அவர் படத்துக்கு மாலை போடுகிறோம், போட வேண்டியதுதான். ஆனால் அவர் மாதிரி ஒரு பெண் சிறைக்குப் போகக்கூடிய நிலையை உண்டாக்கிய சமையல்காரர்களையும் மூட்டை சுமந்தவர்களையும் நாம் பேசுவதே இல்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்து வைத்துக்கொள்வோம். மிரட்டல், தனித்தனியாகப் பயப்படும் மனிதர்களை நம்பி நடக்கிறது. அதைத் தோற்கடிக்க, பயப்படாத வீரர்கள் தேவையில்லை. பயந்தாலும் கைவிடப்பட மாட்டோம் என்று நம்பக்கூடிய ஏற்பாடு தேவை. அடுத்து, இந்த மறுப்பு எதிராளியை எந்த இடத்தில் தொடுகிறது என்று பார்ப்போம்.

அதிகாரத்தின் தாங்குதூண்கள்

எந்த ஆட்சியும், எந்தக் கும்பலும் தன் காலில் மட்டும் நிற்பதில்லை. வரி கட்டுபவர், கோப்பு எழுதும் குமாஸ்தா, சுடச் சொன்னால் சுடும் போலீஸ்காரர், ஆலையில் உழைப்பவர், கடையில் வாங்குபவர் என்று பலர் தாங்கிப் பிடிப்பதால்தான் நிற்கிறது. இவர்களைத் தாங்குதூண்கள் என்கிறார்கள். அகிம்சைப் போராட்டம் இந்தத் தூண்களை ஒவ்வொன்றாக நகர்த்தப் பார்க்கிறது.

1973 ஜனவரி 9 அன்று டர்பனில் கொரொனேஷன் செங்கல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். கறுப்பினத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்வது அப்போது சட்டப்படி குற்றம். சில வாரங்களில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். துணி ஆலைகளில் இந்தியத் தொழிலாளரும் சேர்ந்துகொண்டார்கள். "உங்கள் பிரதிநிதிகளை அனுப்புங்கள், பேசலாம்" என்று முதலாளிகள் கேட்டபோது பல ஆலைகளில் கூட்டம் யாரையும் அனுப்ப மறுத்தது. பிரதிநிதி என்று முன்னால் போகிறவர்தான் நாளை வேலையிழப்பார், கைதாவார் என்பது அவர்களுக்குத் தெரியும். யாரை அடிப்பது என்று தெரியாமல் போனால் மிரட்டலுக்கு இலக்கே கிடைக்காது. பல ஆலைகளில் கூலி உயர்ந்தது. கறுப்பினத் தொழிலாளரின் சங்கங்களுக்கு 1979-இல் சட்ட அங்கீகாரம் வந்ததற்கு அந்த வாரங்களே விதை.

1985 ஜூலை 15 அன்று போர்ட் எலிசபெத் கறுப்பினக் குடியிருப்புகள் வெள்ளையர் கடைகளில் வாங்குவதை நிறுத்தின. எம்குசெலி ஜாக் என்ற இளைஞர் முன்நின்றார். தெருவுக்குத் தெரு குழுக்கள் பின்னால் இருந்தன. ராணுவம் குடியிருப்புகளை விட்டு வெளியேற வேண்டும், பொது இடங்கள் எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்பவை கோரிக்கைகள். ஒரு வாரத்துக்குள் அரசு நெருக்கடி நிலையை அறிவித்துத் தலைவர்களைச் சிறையில் போட்டது. ஆனால் சோப்பு வாங்காதவரை எந்தச் சட்டத்தில் கைது செய்வது? கடைகள் காலியாகக் கிடந்தன. கடைசியில் வெள்ளைக் கடைக்காரர்களே அரசிடம் போய்ப் பேசி, நவம்பரில் தலைவர்கள் விடுதலையாக வழி செய்தார்கள். நேற்றுவரை ஆட்சியைத் தாங்கிய ஒரு தூண் தானாகவே நகர்ந்தது.

இங்கேயும் 1907-இன் விஷம் தலைகாட்டியது. நாட்டின் சில இடங்களில், புறக்கணிப்பை மீறி வாங்கி வந்தவர்களை இளைஞர்கள் மறித்து, வாங்கிய சோப்பைத் தின்னவும் எண்ணெயைக் குடிக்கவும் வைத்தார்கள். மூட்டையோடு வீடு திரும்பும் ஒரு கிழவியை அப்படிச் செய்த தெருவில், அடுத்த மாதம் யார் மனமார நிற்பார்கள்?

எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீஃபன் என்ற இரு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை உலகெங்கும் நடந்த 323 பெரும் போராட்டங்களை ஒப்பிட்டார்கள். ஆயுதப் போராட்டங்களில் 26 விழுக்காடும், அகிம்சைப் போராட்டங்களில் 53 விழுக்காடும் வெற்றி பெற்றிருந்தன. அவர்கள் சொல்லும் முக்கியக் காரணம், அகிம்சைப் போராட்டத்தில் கலந்துகொள்ள முடிந்தவர்களின் எண்ணிக்கை. துப்பாக்கி தூக்க இளைஞர் வேண்டும். கடைக்குப் போகாமல் இருக்கப் பாட்டியும் போதும்.

அடித்தவன் பக்கமே திரும்பும் அடி

அமைதியாக நிற்பவரைத் தாக்கும்போது, அதுவரை ஒதுங்கி நின்றவர்கள் அடிபட்டவர் பக்கம் சாய்வதுண்டு. இதற்கு எதிர்விளைவு என்று பெயர். 1913-இல் சுரங்கத்தில் விழுந்த சாட்டையடிச் செய்தி இந்தியாவுக்குப் போனது. அந்த நவம்பரில் வைஸ்ராய் ஹார்டிஞ்சே சென்னையில் பேசும்போது தென்னாப்பிரிக்க அரசை வெளிப்படையாகக் கண்டித்தார். பிரிட்டிஷ் பேரரசின் ஒரு தூண் இன்னொரு தூணைப் பார்த்துக் குரல் கொடுத்தது. அடுத்த ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டத்தோடு மூன்று பவுன் வரி ஒழிந்தது.

1946 ஜூனில் டர்பனில் நடந்தது இன்னும் அருகிலிருந்து பார்க்க வேண்டிய ஒன்று. இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கோடு போட்ட சட்டத்தை எதிர்த்து, கேல் தெருவும் உம்பிலோ சாலையும் சந்திக்கும் முனையில் இருந்த காலி மனையில் போராளிகள் கூடாரம் அடித்தார்கள். டாக்டர் மாண்டி நாயக்கரும் டாக்டர் குணமும் அதன் தலைவர்களில் இருவர். போலீஸ் முதலில் கைது செய்யவில்லை. அதற்குப் பதிலாக இரவில் வெள்ளை இளைஞர் கும்பல் வந்து கூடாரத்தைக் கிழித்தது, உள்ளே இருந்தவர்களை அடித்தது. காலையில் போராளிகள் மறுபடி அதே மனையில் வந்து நின்றார்கள். இரவும் அடி, மறுநாளும் அதே முனை. அந்தப் போராட்டத்தில் சுமார் 2000 பேர் சிறை சென்றார்கள். அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையில் தென்னாப்பிரிக்க இந்தியர் பிரச்சினை விவாதத்துக்கு வந்தது.

எதிர்விளைவு தானாக வராது. யார் அடித்தது, யார் அடிபட்டது என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது. ஒரு கல் பறந்தாலே "இரு தரப்பு மோதல்" என்று செய்தி மாறிவிடும். செய்தி வெளியே போகவும் வழி வேண்டும். பின்னர் ஃபீனிக்ஸிலிருந்து அச்சாகி வந்த, காந்தியின் இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை 1903-இல் தொடங்கியபோது நான்கு மொழிகளில் வந்தது. தமிழ் அவற்றில் ஒன்று. இப்போது அந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது. ஆனால் படம் எடுத்தவர் யார், எப்போது, எங்கே என்று குறித்து, வேறு இரண்டு மூன்று பேரிடம் பத்திரப்படுத்தினால்தான் அது நீதிமன்றத்தில் நிற்கும்.

தோற்ற இடங்கள்

1913 வேலைநிறுத்தம் நிலக்கரிப் பகுதியிலிருந்து கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்குத் தீப்போலப் பரவியது. அங்கே பின்பலம் இல்லை; விதிகளைச் சொல்லித் தரத் தொண்டர்களும் இல்லை. கரும்புக் காடுகள் எரிந்தன, தடியும் கல்லும் எழுந்தன, குதிரைப் போலீஸ் சுட்டது. மவுண்ட் எட்ஜ்கோம்பில், எஸ்பெரன்சாவில் நம்மவர்கள் விழுந்தார்கள். அந்தத் தோட்டத் தொழிலாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுடைய துணிச்சலுக்கு ஈடான ஏற்பாட்டைச் செய்து தர யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை என்பதே நடந்தது.

இதைவிடக் கடினமான கேள்வி, "ஊர்" என்றால் யார் என்பது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1947 மார்ச்சில், இந்தியர் காங்கிரஸ் தலைவர்களான டாக்டர்கள் நாயக்கர், தாதூ, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் சூமா மூவரும் இந்தியரும் ஆப்பிரிக்கரும் சேர்ந்து போராடுவது என்று ஒப்பந்தம் செய்திருந்தார்கள். மேலே கையெழுத்தான ஒப்பந்தம் டர்பனின் காட்டோ மேனர் தெருக்களுக்கு இறங்கி வந்திருக்கவில்லை.

2021 ஜூலையில் கடைகள் சூறையாடப்பட்ட கலவரத்தின்போது ஃபீனிக்ஸில் போலீஸைக் காணவில்லை. மக்கள் தெரு முனைகளில் தடுப்பு வைத்துக் காவல் நின்றார்கள். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் சில தடுப்புகளில் வந்துபோகிறவர்களை நிறம் பார்த்து மறித்தார்கள், அடித்தார்கள், சுட்டார்கள். ஃபீனிக்ஸ் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வேலையிலிருந்து வீடு திரும்பியவர்களும் அதில் இருந்தார்கள். நம் சமூகத்தில் இதைப் பற்றிப் பேசக் கூசுகிறார்கள். பேசியே ஆக வேண்டும். மக்கள் திரண்டார்கள், ஆனால் ஆயுதத்தோடு, ஓர் இனத்தை மட்டும் ஊர் என்று எண்ணித் திரண்டார்கள். பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்புகளான பம்பாயி, அமவோட்டி, இனாண்டாவில் உள்ள சங்கங்களோடும் தேவாலயங்களோடும் முன்பே தொடர்பு இருந்திருந்தால், தடுப்பின் இரு பக்கத்திலும் தெரிந்த முகங்கள் நின்றிருக்கும். யார் கொள்ளைக்காரன், யார் பக்கத்து ஊர்க்காரன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு தொலைபேசி எண்ணாவது இருந்திருக்கும்.

கூலிக்குக் கொல்பவனை என்ன செய்வது?

முதலில் சொன்ன கேள்விக்கு வருவோம். இருட்டில் வந்து சுட்டுவிட்டுப் போகும் கூலிக் கொலையாளியின் முன்னால் உட்கார்ந்து மறியல் செய்ய முடியாது. அவன் தோட்டாவை எந்த ஏற்பாடும் தடுத்து நிறுத்திவிடாது. ஆனால் அவனுக்குப் பணம் கொடுத்தவர் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்: இந்த ஒரு ஆள் போனால் இந்தப் பிரச்சினை முடிந்துவிடும் என்று. அந்தக் கணக்கைத் தொடலாம். டெண்டர் ஊழலைப் பற்றிய ஆவணங்கள் ஒருவருடைய மேசையில் மட்டும் இருந்தால் அவர் இறப்பதால் லாபம் உண்டு. அதே ஆவணங்கள் பத்துப் பேரிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் ஒரு பத்திரிகையாளரிடமும் இருந்தால், கொலை செலவாக மட்டுமே மிஞ்சும்.

கூட்டமாக வரும் வன்முறைக்கு வேறு வகை வேலை தேவைப்படும். 1990-க்கும் 1994-க்கும் இடையே இந்த நாட்டில் அரசியல் வன்முறையில் சுமார் 14,000 பேர் இறந்தார்கள். அதன் நடுவில், 1991 செப்டம்பர் 14 அன்று, தேசிய அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. வட்டாரந்தோறும் அமைதிக் குழுக்கள் அமைந்தன. எதிரெதிர்க் கட்சிக்காரரும் பாதிரியாரும் போலீஸ் அதிகாரியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும், யார் எங்கே நிற்பார்கள் என்று முன்கூட்டியே பேசினார்கள். பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் ஆயுதமில்லாமல் இரு கூட்டங்களுக்கு நடுவே நின்றார்கள். வதந்தி கிளம்பினால் நேரில் போய்ப் பார்த்து உண்மையைச் சொன்னார்கள். கொலைகள் நின்றுவிடவில்லை. ஆனால் வெடித்திருக்கக்கூடிய பல ஊர்வலங்களும் சவ அடக்கங்களும் அமைதியாக முடிந்தன.

நம் கண்ணெதிரே நடப்பது அபஹ்லாலி பாசேம்ஜொண்டோலோ இயக்கம். இந்தியர் அதிகம் வாழும் கிளேர் எஸ்டேட்டில், கென்னடி சாலைக் குடிசைப் பகுதியில், 2005-இல் பிறந்த குடிசைவாசிகள் இயக்கம் அது. 2009 செப்டம்பரில் ஆயுதம் ஏந்திய கும்பல் அந்தக் குடிசைப் பகுதியைத் தாக்கியது. இருவர் இறந்தார்கள், தலைவர்கள் வீடிழந்து மறைந்து வாழ வேண்டியதாயிற்று. மிரட்டலின் கணக்குப்படி இயக்கம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் குடிசைகளை அகற்ற வழிசெய்த மாகாணச் சட்டத்தை எதிர்த்து அவர்கள் முன்பே தொடுத்திருந்த வழக்கில், சில வாரங்களில், அக்டோபர் 14 அன்று, அரசியல் சாசன நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தாக்குதலை ஒட்டிக் கைதாகி விசாரணைக்கு நின்ற, இயக்கத்தோடு தொடர்புடைய பன்னிரண்டு பேரும் 2011 ஜூலையில் விடுதலையானார்கள். இயக்கம் டர்பனைத் தாண்டி வளர்ந்தது. அதன் பிறகும் அதன் உறுப்பினர் பலர் கொல்லப்பட்டிருக்கிறார்கள், அதன் விலை இன்னும் கட்டப்பட்டுவருகிறது.

உங்கள் வார்டில் இப்படியொன்றைத் தொடங்க நினைத்தால் ஊர்வலத்தில் தொடங்காதீர்கள். ஏற்கெனவே கூடும் இடங்களில் தொடங்குங்கள்: கோயில் கமிட்டி, தேவாலயம், மசூதி, முதியோர் சங்கம், சவ அடக்க உதவிச் சங்கம். முதல் கூட்டத்திலேயே கேட்க வேண்டியவை உண்டு. நம்மில் ஒருவர் மிரட்டப்பட்டால் அரை மணி நேரத்தில் அவர் வீட்டுக்கு யார் யார் போவார்கள்? அவர் சில நாள் வேறிடத்தில் தங்க வேண்டியிருந்தால் யார் வீடு, பிள்ளைகளைப் பள்ளிக்கு யார் கூட்டிப் போவார்கள்? மிரட்டல் வந்த நாளையும் நேரத்தையும் வார்த்தைகளையும் யார் எழுதி வைப்பார்கள், போலீஸ் நிலையத்துக்குத் தனியாகப் போகாமல் எத்தனை பேர் சேர்ந்து போவார்கள்? நமக்குப் பதில் சொல்லத் தெரியாத மொழியில் பேசும் பக்கத்துக் குடியிருப்பில் யாரை நமக்குத் தெரியும்? கடைசிக் கேள்விக்குப் பெயர் எதுவும் கிடைக்கவில்லை என்றால், இரண்டாம் கூட்டத்தை அந்தக் குடியிருப்பில் வையுங்கள்.